நடுக்காலில் மாட்டிய மைக்

அத்தியாயம் ஐந்து

ஆறாங்கட்டைத் தோட்டத்துச் சங்கக் கிளைக்காரர்கள் பிச்சைமுத்துவை ஒற்றன் என்று கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட நேரம், ஒரு கோப்பி ஆறுகிற நேரம்தான். கூட்ட மேசைக்கு அடியில் ஒரு சோப்புப் பெட்டி ஆணியடித்து மாட்டியிருந்தது. அதற்குள் ஒரு சின்ன மைக்கும் ஒரு பேட்டரியும் ஒரு டிரான்சிஸ்டரும் இருந்தன. அதிலிருந்து கிளம்பிய வயர் சுவரோரமாக நாற்பது அடி ஓடி, பலகைச் சந்து வழியாக அடுத்த அறைக்குள் போனது. அடுத்த அறையில் பிச்சைமுத்து ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். இதற்கு மேலும் யோசித்தால் மூளை தேய்ந்துவிடும் என்று கிளைக்காரர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

சீனிக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஈப்போவில் துணிக்கடை மாடியில் அறை எடுத்து, 'தனியார் துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டி, அவனும் அவன் முதலாளி கண்ணம்மையும் ஒரு கேஸுக்கு மூன்று வாரம் நாயாய் அலைகிறார்கள். இங்கே ரப்பர் பால் மரம் சீவுகிறவர்கள் விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டுக்கும் காலைப் பசியாறலுக்கும் நடுவில் கேஸை முடித்துவிடுகிறார்கள்.

"ஆச்சி, நம்ம தொழில மாத்திக்கலாம். இவங்க மேசைக்கு அடியில குனிஞ்சே எல்லாத்தயும் கண்டுபிடிச்சிடறாங்க லா," என்றான்.

கண்ணம்மைக்கு நாற்பத்தொரு வயது. செட்டியார் வீட்டுப் பெண் என்பதால் ஈப்போவில் எல்லோரும் ஆச்சி என்றே கூப்பிட்டார்கள். பத்து வருஷம் ஒரு வக்கீல் ஆபீசில் பொய் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்து, அலுத்துப்போய், உண்மையைத் தேடும் தொழிலுக்கு வந்தவள். உண்மையும் அவளை அவ்வளவு மரியாதையாக நடத்தவில்லை.

"குனியறது நல்ல பழக்கந்தான் சீனி. குனிஞ்சவங்கள்ல யாராவது காத வச்சுக் கேட்டாங்களா?" என்றாள்.

யாரும் கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்தார்கள், வயரைக் கண்ணால் பின்தொடர்ந்தார்கள், பிச்சைமுத்துவின் கதவை உதைத்தார்கள், வயரை வெட்டினார்கள்.

அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்த 1977ஆம் வருஷத்தில் மட்டும் மூன்று முறை வேலை நிறுத்தத்துக்கு நாள் குறித்தார்கள். மூன்று முறையும் விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை எண்ணுவதற்கு முன்பே துரை வெளியாட்களை லாரியில் இறக்கிவிட்டார். கூட்டத்தில் பேசியது துரையின் காதுக்கு எப்படியோ போனது. எப்படி என்பதற்கு இப்போது சோப்புப் பெட்டி வடிவத்தில் பதில் கிடைத்துவிட்டது.

கண்ணம்மையைக் கூப்பிட்டு அனுப்பியவள் பிச்சைமுத்துவின் மனைவி நவமணி. அழுது ஓய்ந்து, அழுவதில் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துகொண்ட முகம்.

"வெள்ளிக்கிழம எம்மவளுக்குக் கல்யாணம் ஆச்சி. இன்னிக்கு நாலு மணிக்குக் கூட்டத்துல இவர ஒதுக்கி வச்சிட்டா, ஒரு ஆளு வாசல மிதிக்க மாட்டாங்க. கோப்பெங்ல மாப்ள வீட்டுக்கும் சேதி போயிருச்சு. தோட்டமே தள்ளி வச்ச வீட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்னுட்டாங்க."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?"

"அவரா? ரெண்டு நாளா வாயே தொறக்கல. ரேடியோவ மட்டும் ரிப்பேர் பண்றாரு. யாரும் குடுக்கல. சொந்த ரேடியோவயே கழட்டிக் கழட்டி மாட்றாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மணி எட்டு. நாலு மணிக்கு எட்டு மணி நேரம் இருந்தது.

கிளைச் செயலாளர் ஐயாவு பெட்டியைத் தானே எடுத்து வந்து கொடுத்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. இரண்டாவது பேனா எதற்கு என்று சீனி கேட்க நினைத்து அடக்கிக்கொண்டான்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க ஆச்சி. நாலு மணிக்குள்ள கொண்டாந்துடுங்க. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது. ரேடியோன்னா திருகி ஆன் பண்ணத் தெரியும், அவ்வளவுதான். பாவம், பிச்சைமுத்து நல்ல மனுசன். புத்தி கெட்டுப்போச்சு."

பிச்சைமுத்துவைப் பற்றி இவ்வளவு நல்லபடியாகப் பேசியது ஐயாவு ஒருவர்தான். சீனிக்கு அவர்மேல் மரியாதை வந்தது. இது அவன் தொழில் வாழ்க்கையில் வழக்கமாக நடக்கிற விபத்து.

*

செமோர் வழியாக ஈப்போவுக்கு மோரிஸ் மைனர் ஒன்றேகால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. நடந்திருந்தால் கொஞ்சம் தாமதமாகியிருக்கும். ரேடியோ சாமான் விற்கும் சீனக் கடை முதலாளி லாவ் தவுக்கே, ஞாயிற்றுக்கிழமையும் கடையைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு மீ நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தார். கண்ணம்மை பெட்டியை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவர் மீயை விட்டுவிட்டுப் பெட்டியைப் பார்த்தார். முதலில் புருவம் உயர்ந்தது. "பாகுஸ். நல்ல யோசன. இது காமன் கலெக்டர் சர்க்கியூட்."

"அப்படின்னா?"

சீனி தொண்டையைச் செருமினான். ராத்திரிப் பள்ளியில் மூன்று மாதம் ரேடியோ வகுப்புக்குப் போய், நான்காவது மாதம் பரீட்சை என்று தெரிந்ததும் நின்றுகொண்டவன் அவன். "நான் சொல்றேன் ஆச்சி. டிரான்சிஸ்டருக்கு மூணு கால். பேஸ், எமிட்டர், கலெக்டர். காமன் கலெக்டர்னு பேரே சொல்லுது. மைக்கக் கொண்டாந்து கலெக்டர்ல குடுக்கணும்."

லாவ் தவுக்கே சிரித்த சிரிப்பில் மீ மூக்கில் ஏறிக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டுப் பாதி மலாயிலும் பாதித் தமிழிலும் பாடம் எடுத்தார். சீனி மூன்று மாதத்தில் கற்காததை மூன்று நிமிடத்தில் அவர் சொல்லி முடித்தது அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

விஷயம் இதுதான். இந்த மாதிரி மைக் பயந்த சுபாவம். அதன் குரல் நாற்பது அடி வயரில் ஓடினால் பாதி வழியிலேயே செத்துவிடும். அதனால் மைக்குப் பக்கத்திலேயே ஒரு டிரான்சிஸ்டரை உட்கார வைக்கிறார்கள். மைக் தன் பேச்சை பேஸ் காலில் சொல்லும். பேஸ் மைக்கிடமிருந்து அதிகம் எதையும் பிடுங்காமல் கேட்டுக்கொள்ளும். கேட்டதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல், எமிட்டர் காலில் தெம்போடு வெளியே அனுப்பும். கலெக்டர் நேராக பேட்டரியில் கட்டியிருக்கும். உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் அது பொது, அதனால்தான் அந்தப் பெயர். அதனிடம் யாரும் எதையும் சொல்லக்கூடாது. சொன்னால் பேட்டரி விழுங்கிவிடும்.

"அப்ப உள்ள வர்றது எப்பவும் பேஸ்லதான்," என்றாள் கண்ணம்மை.

"செலாலு. எப்பவும்." தவுக்கே டிரான்சிஸ்டரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அவர் முகம் மாறியது. "அய்யோ. இது தா போலே டெங்கார். காது இல்லாத பெட்டி. ஒண்ணும் கேட்காது."

"கெட்டுப்போச்சா?"

"கெடல. பிறக்கும்போதே செவிடு." அவர் மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு டிரான்சிஸ்டர்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது குவைலோ, வெள்ளக்காரன் நாட்டு சாமான். நடுக்கால் பேஸ். இது ஜப்பான். நடுக்கால் கலெக்டர், ஓரக்கால் பேஸ். உன் பெட்டியில இருக்கிறது ஜப்பான். ஆனா மைக் வயர் எங்க போவுது பாரு. நடுக்கால்."

சீனி குனிந்து பார்த்தான். மைக்கின் வயர் நடுக்காலில் பற்றவைத்திருந்தது. பேட்டரியின் வயர் ஓரக்காலில், அதாவது பேஸில், இருந்தது.

"அப்படின்னா பேஸ் மைக்கக் கேக்கல," என்றான் மெதுவாக. "பேட்டரியக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. பேட்டரி எப்பவும் ஒரே மாதிரிதான் பேசும்."

"அது சொன்னததான் நாற்பது அடி தூரம் அனுப்பிச்சு," என்றார் தவுக்கே, மறுபடியும் மீயை இழுத்துக்கொண்டு.

கண்ணம்மை பெட்டியை மூடினாள். பிறகு கேட்டாள். "தவுக்கே, பிச்சைமுத்துன்னு ஒருத்தர். இங்க சாமான் வாங்குவாரா?"

"பன்னெண்டு வருஷமா. அந்தப் பக்கத்து ரேடியோ எல்லாம் ஜப்பான். கண்ண மூடிக்கிட்டு ஓரக்கால்ல குடுப்பான். நடுக்கால்ல குடுக்கச் சொன்னா அவன் கை போகாது. இது குவைலோ சாமான்ல படிச்சவன் வேல. படிச்சது ஒண்ணு, கையில கெடச்சது வேற."

வெளியே வந்ததும் சீனி காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஆச்சி, எனக்கு ஒண்ணு புரியல. பெட்டி செவிடு. அப்ப கூட்டத்துல பேசினது துரைக்கு எப்படிப் போச்சு?"

"வாய் வழியா," என்றாள் கண்ணம்மை. "வாய் வழியா போனத வயர் வழியா போனதா காட்டணும்னு யாருக்கு அவசரமோ, அவங்க செஞ்ச பெட்டி இது. தோட்டத்துல வெள்ளக்காரன் சாமான வச்சு ரேடியோ படிச்சவன் யாரு? அத மட்டும் கண்டுபிடிச்சாப் போதும்."

*

தோட்டத்தில் அப்படிப் படித்தவர் ஒருவர்தான் என்று பசியாறும் கடையிலேயே தெரிந்துவிட்டது. ஆபீஸ் குமாஸ்தா, கிராணி முத்தப்பன். லண்டனிலிருந்து தபாலில் ரேடியோ படிப்பு. சான்றிதழைக் கண்ணாடி போட்டு, சாமிப் படங்களுக்கு ஒரு சாண் மேலே மாட்டியிருக்கிறாராம்.

சீனிக்கு உற்சாகம் தாங்கவில்லை. கிராணி என்றால் துரையின் ஆபீஸ் ஆள். துரையின் ஆபீஸ் ஆள், ரேடியோ படித்தவன், வெள்ளைக்காரன் சாமான். "முடிஞ்சது ஆச்சி. நாலு மணிக்கு முன்னாடி ஒரு குட்டித் தூக்கமே போடலாம்."

"சங்கக் கூட்டத்துல கிராணி உக்காருவானா?"

"இல்ல…"

"அப்ப கூட்டத்துல பேசினது அவனுக்கு எப்படித் தெரியும்? பெட்டிதான் செவிடாச்சே."

சீனி குட்டித் தூக்கத்தை ஒத்திவைத்தான்.

முத்தப்பன் வீட்டில் மதியச் சோற்று நேரம். சான்றிதழ் உண்மையாகவே சாமிகளுக்கு மேலே இருந்தது. சீனி நாற்காலியில் ஏறிப் படித்தான். அது சான்றிதழ் இல்லை. முதல் பாடத்துக்கான விடைத்தாள் வந்து சேர்ந்தது, நன்றி என்று எழுதிய கடிதம்.

"கிராணி ஐயா, எத்தன பாடம் படிச்சீங்க?"

முத்தப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஒண்ணு. ரெண்டாவது பாடத்துல கணக்கு வந்துச்சு."

"கூட ஒரு கிட் வந்திருக்குமே? டிரான்சிஸ்டரெல்லாம்?"

"வந்துச்சு. ரெண்டு டிரான்சிஸ்டர். ஒண்ண மொத நாளே நான் கருக்கிட்டேன். மிச்சத்தயும் புஸ்தகத்தயும் இன்னொருத்தரு கேட்டாரு, குடுத்துட்டேன். அவருதான் எல்லாப் பாடமும் படிச்சாரு. மண்ட உள்ள ஆளு. பழகறப்போ இன்னொரு டிரான்சிஸ்டரும் கருகிடுச்சுன்னு சொன்னாரு."

"யாரு?" என்றான் சீனி.

"சீனி," என்றாள் கண்ணம்மை, "வெயில்ல நிக்குது, காரத் திருப்பி நெழல்ல விடு."

அவன் காரைத் திருப்பினான். ஜன்னல் வழியாக உதடுகளைப் படிக்கப் பார்த்தான். முத்தப்பன் வாயில் சோறு இருந்ததால் உதடுகள் எதையும் சொல்லவில்லை. கண்ணம்மை வெளியே வந்தபோது அவள் முகத்தில் அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு அமைதி இருந்தது. ஆளைத் தெரிந்துகொண்டுவிட்டாள், சொல்ல மாட்டாள்.

"யாருன்னு சொன்னா நான் என்ன ஊரக் கூட்டி மணி அடிக்கவா போறேன்?"

"அடிக்க மாட்டே. ஆனா அந்த ஆளப் பாத்து முறைப்பே. கிராணி நாலு மணிக்கு வரேன்னிருக்காரு. நீ போயி பிச்சைமுத்துகிட்ட ரெண்டு கேள்வி கேளு. கோயில் திருவிழா ஆம்பிளிபயர் ஓடுமா? கூடத்துக் கூரையில இருக்கிற ஹாரன் எந்தப் பக்கம் பாத்துருக்கு?"

ஆம்பிளிபயர் கார் பேட்டரியில் ஓடும். ஹாரன் லயத்து வீடுகளைப் பார்த்திருக்கிறது. இரண்டையும் சொல்ல பிச்சைமுத்து மொத்தம் ஐந்து வார்த்தை செலவழித்தார். இரண்டு நாளில் அவர் பேசிய முதல் ஐந்து வார்த்தைகள் அவை என்று நவமணி சொன்னாள்.

*

நாலு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. மற்ற கூட்டங்களுக்கு ஆள் சேர்க்க வீடு வீடாகப் போக வேண்டும். ஒருவனை ஒதுக்கி வைக்கிற கூட்டம் என்றால் நொண்டியும் முடமும் முதல் வரிசையில் இருக்கும்.

கிளைத் தலைவர் உடையப்பன் முப்பது வருஷம் பால் வெட்டியவர். நியாயமானவர், ஆனால் கொஞ்சம் மெதுவாக நியாயமாகிறவர். அவருக்குப் பக்கத்தில் ஐயாவு. கண்ணம்மை ஐயாவுவுக்கு அடுத்த நாற்காலியில் கிராணி முத்தப்பனை உட்காரவைத்தாள். ஆபீஸ்காரன் இங்கே எதற்கு என்று முணுமுணுப்பு எழுந்தது. சாட்சி என்றாள். முணுமுணுப்பு அடங்கியது. ஐயாவுவின் நெற்றி மட்டும் வேர்த்தது, ஆனால் கூடத்தில் எல்லோருக்கும் வேர்த்துக்கொண்டுதான் இருந்தது.

"ஒரே ஒரு கேள்வி," என்றாள் கண்ணம்மை. டிரான்சிஸ்டரை உயர்த்திக் காட்டினாள். "பிச்சைமுத்து அண்ணே, மைக் வயர எந்தக் கால்ல குடுக்கணும்?"

பிச்சைமுத்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஓரக்கால்."

"பொய்," என்றார் ஐயாவு. "நடுக்கால். பேஸ் எப்பவும் நடுவுலதான்."

கூடத்தில் முக்கால்வாசிப் பேருக்கு எதுவும் புரியவில்லை. சீனி மட்டும் ஐயாவுவைத் திரும்பிப் பார்த்தான். திருகி ஆன் பண்ண மட்டும் தெரிந்த மனிதர், பேஸ் எங்கே இருக்கும் என்று எப்போது கற்றுக்கொண்டார்? காலையில் அவர்மேல் வந்த மரியாதையை அவன் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"அப்படியா? கேள்விப்பட்டிருப்பீங்க," என்றாள் கண்ணம்மை, பிடித்துக்கொள்ளாமல் விட்டுவிட்டு. "ரெண்டையும் வச்சுப் பாத்துடுவோம். மொதல்ல நடுக்கால். கண்டெடுத்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே."

சீனி வெட்டிய வயரை முறுக்கி இணைத்து, பெட்டியை மேசைக்கு அடியில் பழைய ஆணியிலேயே மாட்டினான். பிச்சைமுத்து அடுத்த அறையில் வயரின் மறுமுனையைக் கோயில் ஆம்பிளிபயரில் கொடுத்து, அதைப் போட்டார். உடையப்பன் மேசையைத் தட்டி மூன்று முறை கத்தினார். கூரை ஹாரன் ஒரு வார்த்தை பேசவில்லை.

"இந்தப் பெட்டி எதையும் கேக்கல," என்றாள் கண்ணம்மை. "இன்னிக்கும் இல்ல, அன்னிக்கும் இல்ல. இத மாட்டினவரு, கேக்கறதுக்காக மாட்டல. நீங்க பாக்கறதுக்காக மாட்டினாரு."

உடையப்பன் மெதுவாக நியாயமாகத் தொடங்கினார். "அப்ப துரைகிட்ட…"

"அதையும் பாப்போம் அண்ணே. மொதல்ல ஓரக்கால்."

பிச்சைமுத்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். மண்ணெண்ணெய் அடுப்பில் பற்றவைக்கும் இரும்பைக் காயவைத்து, இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்து, கொண்டுவந்து மாட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

"பழைய வால்வு ஆம்பிளிபயர்," என்றாள் கண்ணம்மை. "அணைச்சுப் போட்டதால மறுபடி சூடேற பத்து நிமிஷமாவது ஆகும். எல்லாரும் எந்திரிச்சு ஒரு கோப்பி குடிச்சிட்டு வாங்க."

ஆம்பிளிபயரை யாரும் அணைக்கவில்லை, பிச்சைமுத்து சத்தத்தை மட்டும் குறைத்து வைத்திருந்தார். அது சீனிக்குத் தெரியும். அவன் கோப்பி பக்கம் போகாமல் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டான். நாற்காலிகள் நகர்ந்தன. மேசையருகே இரண்டு பேர் மட்டும் எழுந்திருக்கவில்லை. சீனி அடுத்த அறைப் பக்கம் கண்ணைக் காட்ட, பிச்சைமுத்து சத்தக் குமிழைத் திருகினார். ஐயாவு முத்தப்பன் பக்கம் சாய்ந்தார். அவர் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. குரல் பக்கத்து நாற்காலியைத் தாண்டவில்லை.

கூரை ஹாரன் வழியாகத் தாண்டியது.

"அந்த ரேடியோ கிட் என்கிட்ட இருக்குன்னு ஏன்டா சொன்னே?" என்று லயத்தைப் பார்த்து ஹாரன் உறுமியது. "துரை பங்களாவுக்கு நான் போறதயும் சொல்லிட்டியா? அடுத்த மாசம் என்னக் கங்காணி ஆக்கறேன்னிருக்காரு. அதக் கெடுத்துடாத."

"அத நான் சொல்லல ஐயாவு. இப்பத்தான எனக்கே தெரியுது," என்றது ஹாரன், கிராணியின் குரலில், ரொம்ப மரியாதையாக.

குழாயடியில் வாளிகள் நின்றன. கோப்பிக் குவளைகள் நின்றன. ஐயாவு தலையைத் தூக்கினார். கூரையைப் பார்த்தார், பிறகு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். இந்த முறை பெட்டி அவரைக் கேட்டுக்கொண்டிருந்தது.

யாரும் அவரை அடிக்கவில்லை. வழிவிட்டார்கள், அவ்வளவுதான். அடி வாங்கியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு பேனாவும் சட்டைப்பையில் இருக்க, அந்த வழியில் அவர் தனியாக நடந்து போனார்.

பிச்சைமுத்து தன் அறை வாசலில் நின்றிருந்தார். உடையப்பன் அவரிடம் போகத்தான் எழுந்தார். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. கடைசியில் அறுபது வயது முட்டியை மடக்கித் தரையில் உட்கார்ந்து, மேசைக்கு அடியில் தலையை விட்டு, சோப்புப் பெட்டியிடம் பேசினார்.

"தப்பு எங்க மேலதான். பிச்சைமுத்து மக கல்யாணம் வெள்ளிக்கிழம. தோட்டம் பூரா வந்துடணும். கோப்பெங்குக்கு மாப்ள வீட்டுல சொல்ல இப்பவே நான் போறேன். அங்கயும் என்னோட நாலு பேர் வரணும்."

லயத்தின் கடைசி வீடு வரைக்கும் அது கேட்டது. குழாயடியில் நவமணி வாளியைக் கீழே வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஓய்ந்துபோயிருந்த அழுகை அவளுக்கு மறுபடி வந்தது.

சீனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்று சொல்லத் தயாரானான். கண்ணம்மை எதுவும் கேட்கவில்லை.

பிச்சைமுத்து உள்ளே வந்தார். இன்னும் மேசைக்கு அடியில் இருந்த தலைவரின் தோளைத் தொட்டார்.

"எந்திரிங்க அண்ணே," என்றார். "மணி சொல்லாம விட்டுட்டீங்க. ஒம்போது மணிக்குத் தாலி."

பெட்டி அதையும், கூட்டாமல் குறைக்காமல், தோட்டம் முழுக்கச் சொன்னது.